விமானம் போட்ட டி-சர்ட்டும் ஒரு கையெழுத்தும்

1

பிள்ளைகளே, நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊருக்கு வந்து இறங்கி இந்த ஜூன் மாதத்தோடு ஐந்து வருடம் முடிந்தது. அதே வாரத்தில் உங்கள் தலைமை ஆசிரியர் போன் செய்தார். அவரும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அவர் பாஸாகி மேலே படிக்கப் போனார். நான் கணக்கில் கோட்டைவிட்டு திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் கட்டுப் போடப் போனேன்.

"நம்ம பள்ளிக்கூட ஆண்டுமலருக்கு உன்ற வெளிநாட்டு அனுபவத்தை எழுதிக் குடுப்பா. பசங்களுக்குப் புரியோணும். படிச்சாப் பெருமையா இருக்கோணும்," என்றார்.

புரிகிற மாதிரி எழுதிவிடலாம். பெருமைக்குத்தான் என்னிடம் சரக்கு இல்லை. ஒரு விண்ணப்பப் பாரமும் ஒரு டி-சர்ட்டும்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. நான் என் திறமையால் விமானம் ஏறினேன் என்று என் ஊரான கணியூரில் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி விசா என்று நான்தான் சொல்லி வைத்தேன். உண்மையில் வேலை கிடைத்தது என் மனைவி சரஸ்வதிக்கு. திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இந்த நாட்டில் நர்சுகள் தேவைப்பட்டார்கள். அவள் பரீட்சை எழுதினாள், இன்டர்வியூ போனாள், தேறினாள். என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் என் பெயருக்குப் பக்கத்தில் 'சார்ந்து வாழ்பவர்' என்று போட்டிருந்தார்கள். ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "யாரைச் சார்ந்து?" என்று கேட்டார். நான் சரசுவைக் கையால் காட்டினேன். சரி என்று முத்திரை குத்திவிட்டார். தோட்டம் துரவு உள்ள குடும்பத்தில் பிறந்த ஒரு ஆம்பளையைப் பெண்டாட்டியை நம்பி வந்தவன் என்று ஒரு சர்க்காரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பள்ளிக்கூட ஆண்டுமலரைப் பெரியவர்கள் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஒரு துணிக் குடோனில் எனக்கு வேலை. அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் பீஸ்களைச் செக்கிங் பண்ண வேண்டும். பெட்டிகளில் பாதிக்குமேல் திருப்பூரில் இருந்து வந்தவை. அங்கே அடைத்ததை இங்கே பிரிக்கிறேன், அதுதான் வித்தியாசம். உங்கள் அம்மாக்களில் பலர் செக்கிங்கில் இருப்பார்கள், அவர்களுக்கு இந்த வேலை தெரியும். ஓட்டை, கறை, பிசிறு எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்புக்குறி ஒட்டிய பீஸ் ஆல்ட்டருக்குப் போகும், அதாவது சரிசெய்து எடுத்துக்கொள்ளலாம். சரிசெய்யவே முடியாதது ஸ்டிக்கர் இல்லாமல் நேராக ரிஜெக்ட் பைக்குள் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

2

பொங்கலன்று கந்தசாமி வீட்டில் கூடினோம். பெருந்துறைப் பக்கத்துக்காரர், இங்கே டாக்ஸி ஓட்டுகிறார். எங்கள் கூட்டத்தில் அவர் வீட்டில்தான் தமிழ்ச் சேனல் வரும் டிஷ் இருக்கிறது. ஆண்கள் எல்லாம் ஹாலில் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். பெண்கள் எல்லாம் சமையலறையில் நின்றார்கள். யாரும் சொல்லி இப்படிப் பிரியவில்லை. அதுவாகவே நடந்தது. என் மகள் நிவேதா மட்டும் என் பக்கத்தில் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

டி.வி.யில் பட்டிமன்றம். நம் நாட்டு விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்திருந்த நேரம் அது. அதனால் 'பெண்ணுக்குப் பெருமை அடுப்படியா, ஆகாயமா?' என்று தலைப்பு வைத்திருந்தார்கள்.

அடுப்படி அணியில் ஒருவர் எழுந்தார். "பெண்கள் போர் விமானம் ஓட்டலாம் நடுவர் அவர்களே! ஆனால் சண்டை உச்சத்தில் இருக்கும்போது சீரியல் நேரம் வந்துவிடும். 'தொடரும்' போட்ட பிறகுதான் குண்டு போடுவார்கள்!" என்றார். அரங்கம் அதிர்ந்தது. ஆகாய அணிக்காரர் விட்டுக்கொடுப்பாரா? "ஆகாயத்தில் பறந்தாலும், தரையிறங்கியதும் புருஷனுக்குச் சூடாகத் தோசை சுட்டுக் கொடுப்பவள் நம் பெண்!" என்றார். அதற்கும் கைதட்டல். எதிர்த்துப் பேச வந்தவர், ஆதரித்துப் பேச வந்தவர் இரண்டு பேருமே அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால்தான் நிறுத்தினார்கள்.

நிவேதா என் சட்டையை இழுத்தாள். "அப்பா, அவங்க எந்த ஹெலிகாப்டர் ஓட்றாங்கன்னு எப்பச் சொல்லுவாங்க?"

"இரு கண்ணு, கடைசில சொல்லுவாங்க."

ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருந்தால் டி.வி.க்காரன் தப்பு என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். விளம்பர இடைவேளையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எதிரி நாட்டுக்காரன் ராக்கெட்டு உட்டாக்கூட நம்ம பொம்பளைங்க மேல படாதுங்க. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுட்டு வலது பக்கம் திரும்பிருவாங்கல்லோ!" என்றேன். கந்தசாமி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாயசம் வேட்டியில் கொட்டியது. "துரைசாமி, உங்களையத்தான் அந்த மேடையில ஏத்தியிருக்கோணும்!" என்றார். எனக்கு ஒரே குளிர்ச்சி. திரும்பிப் பார்த்தேன். நிவேதா எழுந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சரசு கார் ஓட்டினாள். இங்கே எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். லைசன்ஸ் பரீட்சையில் அவள் முதல் தடவையிலேயே பாஸ். நான் மூன்று தடவை பெயில். மூன்று தடவையும் ஒரே காரணம், திரும்பும்போது இண்டிகேட்டர் போடவில்லை. திருப்பூரில் பதினைந்து வருடம் பைக் ஓட்டியவனுக்கு இண்டிகேட்டர் என்ற ஒன்று வண்டியில் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. தேவைப்பட்டால் காலை நீட்டுவோம்.

பின் சீட்டில் இருந்து நிவேதாவின் குரல் வந்தது. "அப்பா, அம்மா இடது இண்டிகேட்டர் போட்டிருக்காங்க. பாருங்க, இடதுதான் திரும்பறாங்க."

அடுத்த திருப்பம். "இப்ப வலது. வலதுதான் திரும்பறாங்க."

அதற்கடுத்ததும் அப்படியே. சரசுவுக்கு ஹாலில் நடந்தது தெரியாது. "என்ன கண்ணு, ரேடியோ மாதிரி சொல்லீட்டே வர்றே?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சுக்கோணுமாம்மா."

வீடு வருவதற்குள் ஏழு திருப்பம். ஏழையும் சொன்னாள்.

3

நம் ஆட்கள்தான் இப்படி, வெள்ளைக்காரர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அடுத்த மாதமே அதுவும் போயிற்று.

குடோன் கேன்டீனில் கிடந்த ஒரு பத்திரிகையில், இந்த நாட்டுப் போர் விமானம் ஓட்டும் ஒரு பெண்ணின் படம் ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. நிவேதாவுக்குப் பிடிக்குமே என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். விமானம் என்றால் அவளுக்கு உயிர். படித்துத் தமிழில் சொல்லு என்று உட்கார்ந்தேன். அவள் தமிழ் இப்போதெல்லாம் பாதி வழியில் நின்று இங்கிலீஷில் ஏறிக்கொள்கிறது. இப்படி எதையாவது படிக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் தமிழில் இருப்பாள்.

"பிளேனைப் பத்தி மூணு லைன் இருக்குதுப்பா. மிச்சமெல்லாம் அவங்க தலைமுடி, அவங்க குழந்தைங்க, அவங்க போயிட்டா டின்னர் யார் செய்வாங்கன்னு." பிறகு விரல் விட்டு எண்ணினாள். "பைலட்டுன்னு ஒரு தடவை போட்டிருக்காங்க. அம்மான்னு ஆறு தடவை."

அதே வாரம் காலை நேர டி.வி. நிகழ்ச்சி ஒன்றில், கழுத்தில் டை கட்டிய ஒருவர் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "எதிரி வந்துவிட்டான் என்றால் இந்தம்மா உடனே கிளம்புவாரா, நகப்பூச்சு காயட்டும் என்பாரா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பலர் கண்டித்ததும், மறுநாள் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு எப்படி என்றால், யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறாராம். புண்படாவிட்டால் வருந்த மாட்டார் போலிருக்கிறது. அதைச் சொல்லும்போதும் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் கேன்டீனில் யாராவது லேட்டாக வந்தால், "நகப்பூச்சு காயவில்லையா?" என்பதுதான் பேச்சு.

நம்மவருக்குத் தோசை, இவருக்கு நகப்பூச்சு. நடுவில் எத்தனையோ கடல் இருக்கிறது. சிரிப்பு மட்டும் ஒரே அச்சில் வார்த்தது.

4

ஜூனில் நிவேதாவுக்குப் பதின்மூன்று முடிந்தது. நம் ஊரில் என்.சி.சி. மாதிரி, இங்கே விமானப்படைக்கு ஒரு மாணவர் பிரிவு இருக்கிறது. பதின்மூன்று வயதானால் சேரலாம். மாலையில் பயிற்சி, நன்றாகச் செய்தால் சின்ன விமானத்தில் கூட்டிப்போய்ப் பறக்க விடுவார்கள். அவள் பாரத்தை வாங்கி, தன் பங்கு முழுவதையும் நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

இந்த நாட்டில் எதற்கும் பாரம்தான். நான்கு பக்கம். கடலைக்கொட்டை சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா, நீச்சல் தெரியுமா, டாக்டர் பெயர் என்ன, மதம் என்ன என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் 'என் மகள் விமானத்தில் பறப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று ஒரு வரி. அதன் கீழே கோடு. கோட்டின் மேல் கையெழுத்து. மாதக் கடைசி வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் இருந்தது.

"பாக்கலாம்," என்றேன். ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன்.

நம் ஊர் அப்பாக்கள் 'பாக்கலாம்' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்கும்போது அதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு நாளும் நிவேதா பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறப்பாள், மேலே பார்ப்பாள், மூடுவாள்.

சரசு விடவில்லை. "ஏனுங்க, அந்தப் பாரத்துல கையெழுத்துப் போட்டீங்ளா?"

"படிச்சுப் பாக்கோணுமல்ல?"

"நாலு பக்கத்தைப் பத்து நாளாப் படிக்கறீங்க. ஆஸ்பத்திரில ஆப்பரேசனுக்கே அரை மணி நேரத்துல கையெழுத்துப் போட்டர்றாங்க."

"அப்ப நீயே போட்டுரு. அப்பாவோ அம்மாவோ யாராச்சும் ஒருத்தர் போட்டாப் போதும்னுதான் இருக்குது."

"நான் போட அரை நிமிசம் ஆகுமுங்களா? அவதான் வேண்டாம்ங்கறா. அப்பா போடோணும், இல்லாட்டி நான் போகலைங்கறா."

நான் பாரத்தை எடுத்து, தூசி தட்டி, திரும்ப ஃப்ரிட்ஜின் மேலேயே வைத்தேன்.

ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். விமானம் விழுந்துவிடும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட இன்னொரு பயம். இவள் வளர்ந்து உண்மையிலேயே அந்தச் சீருடையைப் போட்டுவிட்டால், எவனோ ஒருவன் டி.வி.யில் இவள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஒரு ஊரே சிரிக்கும். என் பெண்ணை ஏன் அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? சிரிக்கிறவர்களிடம் இருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கந்தசாமி வீட்டு ஹாலில் முதலில் சிரித்தவன் யார் என்பது மட்டும் எனக்கு மறந்துபோயிருந்தது.

5

கெடுவுக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயந்திரம் திருப்பூரில் இருந்து ஒரு பார்சல் வந்தது. சரசுவின் தம்பி செந்தில் அங்கே பன்னிரண்டு மிஷின் போட்டுச் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறான். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்தும், வெளியே தைத்து வருவதைச் செக்கிங் செய்தும் கொடுப்பான். ஆர்டருக்கு மேல் மிஞ்சுகிற பீஸ்களை, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவான்.

நம் ஊரில் எல்லோரும் உடுத்துவது அந்த மிச்சத்தைத்தானே? நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தோம்? எங்கள் வீதியில் ஒரு அண்ணன் வருடா வருடம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார். மஞ்சள் நிறம் என்பதற்காக அவர் பக்தியோடு போட்டுக்கொண்ட டி-சர்ட்டில் இருந்தது ஏதோ ஒரு வெளிநாட்டுச் சாராயத்தின் விளம்பரம். அது இந்த ஊர்க் கடையில் அதே பாட்டிலைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

செந்தில் அனுப்பியதில் ஒன்று வானநீல டி-சர்ட். நெஞ்சில் ஒரு போர் விமானம், அதன் வாலில் இருந்து புகை மாதிரி சுருள் சுருளாக இங்கிலீஷ் எழுத்து. என் கை பழக்கதோஷத்தில் வேலையை ஆரம்பித்தது. உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்தேன். கழுத்தை இழுத்துப் பார்த்தேன். பிரிண்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன், மை விரலில் ஒட்டவில்லை. விமானம் நடு நெஞ்சில் கோணாமல் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தேன். ஏ-ஒன் பீஸ். ஃப்ரிட்ஜின் மேல் இருக்கும் பாரத்துக்கு இது ஒரு சமாதானமாக இருக்கட்டும் என்று நினைத்து நிவேதாவைக் கூப்பிட்டேன்.

"உனக்குன்னே அடிச்ச மாதிரி இருக்குது பாரு கண்ணு."

அவள் முகம் மலர்ந்தது. வாங்கி விரித்துப் பிடித்தாள். கண் இடமிருந்து வலமாக ஒரு தடவை ஓடியது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமாப்பா?"

"ஏரோப்பிளேனைப் பத்தித்தான் ஏதோ..."

அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். "'போர் விமானமா? கொஞ்சம் இருங்க, என் நகப்பூச்சு இன்னும் காயல.'"

அதே டை கட்டிய ஆளின் பேச்சு. அதை எவனோ ஒரு வியாபாரி பிடித்து டி-சர்ட்டில் போட்டிருக்கிறான்.

நிவேதா அழவில்லை. டி-சர்ட்டைக் கம்பெனியில் மடிப்பதுபோல அழகாக மடித்து என் மடியில் வைத்தாள். "அந்தப் பாரத்தை நாளைக்கு அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்தர்றேன்ப்பா. கையெழுத்து இல்லாமயே. பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

6

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக செந்திலுக்குப் போன் போட்டேன். அங்கே மதியம் ஆகப்போகிற நேரம். பின்னால் மிஷின் சத்தம்.

"மாப்ள, அந்த ஏரோப்பிளேன் டி-சர்ட்டு..."

"புடிச்சுதுங்களா மச்சான்? செம ஓட்டமுங்க. ரிப்பீட் ஆர்டர் வந்துருக்குது!"

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா?"

"எழுத்து நாலு கலருங்க. மொதல்ல கலர் ஒட்டவே இல்லைன்னு ஒரே ரோதனை. அப்பறம் பிரிண்டிங்காரனைப் புடிச்சுச் சத்தம் போட்டு..."

"கலர் இல்லடா, அர்த்தம்!"

பின்னால் யாரையோ மிஷினை நிறுத்தச் சொன்னான்.

"அர்த்தமுங்களா? அதை ஆர்டர் குடுத்த பையரு பாத்துக்குவாருங்க மச்சான்."

"உன்ற செக்கிங்ல ஒருத்தர்கூடப் படிக்கலையா?"

"முப்பது பொம்பளைங்க இருக்கறாங்க. கறை இருந்தா உடுவாங்களா? ஒரு நூல் துருத்தீட்டு இருந்தா உடுவாங்களா? எழுத்தைப் படிக்கறது நம்ம வேலையிங்களா?"

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முந்தின நாள் நான் டேப் வைத்து அளந்தவன்தானே. யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளே. இங்கே ஒரு ஆள் டி.வி.யில் உளறுகிறார். அவர்கூட மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிட்டார். நாம் அதை எத்தனை தடவை துவைத்தாலும் போகாத மையில் அச்சடித்தோம். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிற முப்பது பெண்கள், தங்களைப் பார்த்துச் சிரிக்கிற அந்த வரியைப் பிசிறு இல்லாமல் சுத்தம் செய்து, மடித்து, பெட்டியில் அடுக்கினார்கள். அது கப்பலேறி இந்த நாட்டுக் கடைகளுக்கு வந்தது. அதில் ஒன்றை என் கையாலேயே என் மகளுக்குக் கொடுத்தேன்.

ஃப்ரிட்ஜின் மேலிருந்து பாரத்தை எடுத்தேன். உட்கார்ந்து படித்தேன். இரண்டு வார்த்தைக்கு மட்டும் அகராதி பார்த்தேன். நான்கு பக்கமும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோட்டின் மேல், அ. துரைசாமி என்று தமிழிலேயே கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பிப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. தகப்பன் என்பதை இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதினேன்.

என் வேலைக் கோட்டுப் பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் எப்போதும் இருக்கும். டி-சர்ட்டை மேஜையில் விரித்து, அந்தச் சுருள் எழுத்தைச் சுற்றி நான்கு அம்புக்குறி ஒட்டினேன். அதன் மேல் பாரத்தை வைத்தேன்.

நிவேதா பள்ளிக்கூட உடுப்போடு இறங்கி வந்தாள். முதலில் கையெழுத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டிக்கர்களை.

"இது எதுக்குப்பா?"

"டேமேஜ் கண்ணு. திருப்பூர்லயே பாத்திருக்கோணும். அங்கயும் உட்டுட்டாங்க, நானும் உட்டுட்டேன்."

அவள் கை நீட்டினாள். "எனக்கு ஒண்ணு குடுங்க."

தாளைக் கொடுத்தேன். ஒரு அம்புக்குறியை உரித்து, என் சட்டையின் மேல் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கூர்முனை மேலே, என் வாயைப் பார்த்து இருந்தது.

"பொங்கலன்னிக்கு வந்த டேமேஜ்," என்றாள்.

கார் சாவியோடு வாசலில் நின்ற சரசு சிரித்தாள். "ரிஜெக்ட் பையில போட்டறலாமா கண்ணு?"

நிவேதா என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள். செக்கிங் டேபிளில் நிற்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"வேண்டாம்மா. ஆல்ட்டர் பண்ணிக்கலாம்."

அன்றைக்கு முழுக்க அந்த ஸ்டிக்கரை எடுக்காமலேயே வேலை செய்தேன். குடோன் சூப்பர்வைசர் அதைக் காட்டி என்ன என்று கேட்டபோது, வீட்டில் செக்கிங் நடந்தது என்றேன்.

சாயந்திரம் அவளை அந்தப் பயிற்சி நடக்கும் இடத்தில் விடப் போனோம். சரசு ஓட்டினாள், நான் பக்கத்தில், நிவேதா பின் சீட்டில் பாரத்தைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு. முதல் திருப்பம் வந்தது. "வலது இண்டிகேட்டர் போட்டாச்சு. வலதுதான் திரும்பறா," என்றேன். அடுத்தது இடது. அதையும் சொன்னேன். மூன்றாவது திருப்பத்துக்கு வாயைத் திறக்கும்போது பின்னால் இருந்து ஒரு கை நீண்டு என் தோளைத் தட்டியது.

"போதும்ப்பா. தெரிஞ்சுக்கிட்டீங்க."

வண்டி நின்றதும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.